கொசு அடித்த பிணம்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் அரிச்சந்திரா நாடகம் போட்டார்கள். பாபநாசத்துக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவே இருக்கிற சிறிய ஊர். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய நாடகம் மயான காண்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. லோகிதாசனாக நடிக்க வேண்டிய பையனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதால், எங்கள் தெருத் தையல்காரர் மகனைப் பிடித்து, வசனம் எதுவும் இல்லை, படுத்துக் கிடந்தால் போதும் என்று சொல்லி மேடையில் கிடத்தியிருந்தார்கள். சந்திரமதியாக வேடம் கட்டியவர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்; பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்போது ஒரு கொசு அந்தப் பிணத்தின் தொடையில் உட்கார்ந்தது. வரிசையில் முன்னால் இருந்த எங்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பையன் பொறுத்தான், கால் விரலை மடக்கினான், இன்னும் கொஞ்சம் பொறுத்தான், பிறகு பளீர் என்று தொடையில் ஓர் அடி அடித்துவிட்டு மறுபடியும் செத்துப்போனான்.

களம் முழுவதும் சிரிப்பு. சந்திரமதி ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. 'பாம்பு கடிச்சுச் செத்த பிள்ளைய, பாவி, கொசுவுமா கடிக்கணும்' என்று அதே ராகத்தில் இழுத்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தாமலே மறுபடியும் அழத் தொடங்கினார்கள். அடுத்து அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு வழிமறித்தபோது அந்த அழுகை இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அரிசி ஆலையில் கணக்கு எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, சனிக்கிழமை இரவுகளில், செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும், யாருமே கேள்விப்பட்டிராத மலிவான ஜாம்பி நகைச்சுவைப் படங்களை நான் தேடித் தேடிப் பார்ப்பதற்கு அந்தக் கொசுவே காரணம் என்று நினைக்கிறேன். 'வயசுக்கேத்த படமா பாருங்களேன்' என்கிறாள் மனைவி. அவளுக்கு நான் சொல்லும் பதில் ஒவ்வொரு முறையும் நீண்டுபோய்ப் பாதியில் நின்றுவிடுவதால், அதை இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

கோடிகள் செலவழித்து எடுக்கப்படும் ஜாம்பிப் படத்தில் செத்தவன் உண்மையாகவே செத்தவனாகத் தெரிகிறான். தோல் உரிந்திருக்கும், எலும்பு துருத்தியிருக்கும், கண்ணில் பால் படர்ந்திருக்கும். அந்த வேலைப்பாட்டின் அடியில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறைப்பதற்காகத்தான் அவ்வளவு பணமும் செலவாகிறது. பணமில்லாத படத்தில் அந்த மனிதர் மறைவதே இல்லை. முகத்தில் பூசிய மாவு காதுக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. கையில் கடிகாரத்தின் வெள்ளைத் தழும்பு தெரிகிறது. கடிபட்டு விழுகிற ஒருவர், விழுவதற்கு முன் கல் இல்லாத இடமாகப் பார்த்து விழுகிறார். பிணத்துக்குள்ளிருந்து உயிருள்ள ஆள் எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்துக்காகவே நான் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறேன்.

ஜாம்பி எப்படி ஏழைகளின் கதாபாத்திரம் ஆயிற்று என்பதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் 1,14,000 டாலர் அளவில் பணம் திரட்டி, 1968இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை வெளியிட்டார்கள். இடிப்பதாக இருந்த ஒரு பண்ணை வீடுதான் களம். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாது என்பதால் சாக்லேட் பாகுதான் ரத்தம். நண்பர்களும், வாடிக்கையாளர்களும், அக்கம்பக்கத்து மக்களும்தான் பிணங்கள். படம் முழுவதிலும் ஜாம்பி என்ற சொல்லே வராது. வெளியீட்டுக்கு முன் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய பெயர் அட்டையோடு சேர்ந்து பதிப்புரிமைக் குறிப்பும் காணாமல் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்தக் குறிப்பு இல்லாமல் வெளியான படைப்புக்கு உரிமை கோர முடியாது. எனவே படம் வெளியான அன்றே பொதுச் சொத்தாகிவிட்டது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால், அது புறம்போக்கு ஆகிவிட்டது. புறம்போக்கு என்றால் பிறகு என்ன நடக்கும் என்பது டெல்டாவில் பிறந்த எவருக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் ஆடு மேய்க்கலாம், வைக்கோல் போர் போடலாம், விறகு அடுக்கலாம். படத்துக்குப் பட்டா இல்லாமல் போனதைப் போலவே, கூட்டமாக வருகிற, மெதுவாக நடக்கிற, மனிதக் கறி தின்கிற அந்தப் பிணத்துக்கும் பட்டா இல்லாமல் போயிற்று. உலகத்தில் கேமராவும் நான்கு நண்பர்களும் வாய்த்த எவனும் அதில் இறங்கி உழுதான்.

இந்தப் பிணத்துக்கு அதற்கும் முந்தைய ஒரு பிறப்பு உண்டு. அதில் சிரிப்பு இல்லை. ஜாம்பி என்ற சொல் கரீபியன் கடலில் இருக்கிற ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்தவர்களின் நிலம் அது. செத்த பிறகும் எழுப்பப்பட்டு வேலை வாங்கப்படுவோம் என்ற அச்சமே அந்த நம்பிக்கையின் வேர். 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் சர்க்கரை ஆலையில் பிணங்கள் செக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று உள்ளே விழுந்துவிடும், மற்றவை நிற்காமல் சுற்றும். தஞ்சைப் பண்ணையாள்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 1952இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்த என் அப்பாயியிடம் இந்தக் காட்சியை ஒருமுறை விவரித்தேன். 'இதுல பயப்பட என்னடா இருக்கு, இங்க உசுரோடவே அப்படித்தான் சுத்துனாங்க' என்றார். அந்தப் படத்துக்கு அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

மறுபடியும் சிரிப்புக்கு வருகிறேன். மலிவுப் படக்காரர்களுக்கு ஜாம்பியைவிட ஏற்ற பாத்திரம் வேறில்லை. ராஜா வேடத்துக்கு உடையும் கம்பீரமும் வேண்டும். காதலனுக்கு முகமாவது வேண்டும். ஜாம்பிக்கு வசனம் இல்லை, உணர்ச்சி இல்லை, பழைய சட்டை போதும், கூட்டத்தில் ஒருவன் இன்று வராவிட்டால் நாளை வேறொருவன் நடக்கலாம். வேண்டியதெல்லாம் பொழுது மட்டுமே. பிரிட்டனில் மார்க் பிரைஸ் என்பவர் 2008இல் 'காலின்' என்ற முழுநீளப் படத்தை வெறும் 45 பவுண்டில் முடித்ததாகச் சொன்னார். அன்றைய கணக்கில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் கூட. ஒரு கடப்பாரை, இரண்டு டேப், தேநீர், காப்பி, அவ்வளவுதான் செலவாம். அது சிரிப்புப் படம் இல்லை, துயரமான படம். ஆனாலும் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் அந்தச் செலவுப் பட்டியலின் முன் நான் தலை வணங்குகிறேன். நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன், பின்னாளில் உலகப் புகழ் பெறுவதற்கு முன், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நான்கு ஆண்டுகள் வார இறுதிகளில் எடுத்த முதல் படத்துக்கான முகமூடிகளைத் தாயாரின் சமையலறை அடுப்பில் வேகவைத்தார். அவற்றைப் போட்டுக்கொண்டவை வேற்றுக்கிரகவாசிகள், பிணங்கள் இல்லை. பிணங்களை அவர் 1992இல் 'பிரெய்ன்டெட்' படத்தில் எழுப்பி, புல் வெட்டும் இயந்திரத்தால் வகுந்து தள்ளினார். அருவருப்பு அளவு மீறும்போது அது எப்படிச் சிரிப்பாக மாறுகிறது என்பதை அந்தப் படத்தில்தான் நான் முதலில் உணர்ந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது ஒரு ஜப்பானியப் படம். ஷினிச்சிரோ உவேதா இயக்கி 2017இல் வந்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. செலவு 30 லட்சம் யென், அதாவது அப்போது ஏறக்குறைய 17 லட்சம் ரூபாய். நடித்தவர்கள் பெரும்பாலும் ஒரு நடிப்புப் பயிலரங்கின் மாணவர்கள். முதலில் மிகச் சில திரைகளில் மட்டுமே ஓடிய அந்தப் படம், வாய்வழிப் பேச்சிலேயே பரவி, போட்ட பணத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் ஈட்டியது. கைவிடப்பட்ட நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஜாம்பிப் படம் எடுக்கப் போனவர்களை உண்மையான ஜாம்பிகள் சூழ்ந்துகொள்வதாக, வெட்டே இல்லாமல் 37 நிமிடங்கள் ஒரே காட்சியாகப் படம் தொடங்குகிறது. அந்த 37 நிமிடங்கள், வெளிப்படையாகச் சொன்னால், அபத்தம். வசனம் நடுவில் செத்து நிற்கிறது. காரணமே இல்லாமல் ஒருவர் வெளியே ஓடுகிறார். கேமராவில் தெறித்த ரத்தத்தை ஒரு கை வந்து துடைக்கிறது. இருபதாவது நிமிடத்தில் நான் மடிக்கணினியை மூடப் போனேன். எனக்கு அந்தப் படத்தைச் சொன்ன நண்பர், முதல் பகுதி முடியும்வரை மூடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்ததால் மட்டுமே மூடவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது பாவம். இவ்வளவு மட்டும் சொல்லலாம்: நான் பிழை என்று எண்ணிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவந்தது. தையல்காரர் மகனும் கொசுவும் சந்திரமதியின் ஒப்பாரியும் ஒரே படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதைப் போல இருந்தது. கடைசிக் காட்சியில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த என் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து, மனைவி விளக்கைப் போட்டு, 'என்ன ஆச்சு உங்களுக்கு' என்றாள்.

பசித்த பிணத்தைப் பார்த்துச் சிரிப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். குலோத்துங்கச் சோழனின் கலிங்க வெற்றியைப் பாடிய செயங்கொண்டாரின் பரணியில், போர் முடிந்த களத்தில் காளியின் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. முரசுகளை உரலாக்கி, யானைத் தந்தங்களை உலக்கையாக்கி, பற்களை அரிசியாகக் குற்றி, குலோத்துங்கனைப் புகழ்ந்து பாட்டும் பாடிக்கொண்டு சமைக்கின்றன. அரிசி ஆலைக்காரனான எனக்கு அந்தப் பகுதியில் தனிப் பிரியம் உண்டு. பிறகு பந்தி. பேச முடியாத ஊமைப் பேய், தன் வயிற்றையும் கூழ்ப் பானையையும் மாறி மாறிக் கையால் காட்டுகிறது. இன்னொரு பேய், தன் கணவன் குடிக்க மாட்டான் என்று சொல்லிச் சொல்லி அவன் பங்கையும் தானே குடித்துத் தீர்க்கிறது. இவை செத்து எழுந்த மனிதர்கள் அல்ல, ஜாம்பிகளும் அல்ல. ஆனால் குலை நடுங்க வைக்கும் ஒரு களத்தில், பசி என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்க வைக்கும் வித்தை அதேதான். சோழ நாட்டில் அந்த வித்தைக்கு வயது தொள்ளாயிரம் ஆண்டு.

அப்படியிருந்தும் தமிழில் ஜாம்பிப் படங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. 2016இல் 'மிருதன்', 2019இல் 'ஜாம்பி' என்று வந்த இரண்டும் தெரிந்த நட்சத்திரங்களை வைத்து எடுக்கப்பட்டவை. நான் இங்கே பேசுகிற மலிவு வகையில் அவை சேரா. பேய் நகைச்சுவைக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை. இது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். புதைக்கிற வழக்கமும் நம்மில் பலருக்கு உண்டு என்றாலும், ஆற்றங்கரையில் எரித்து, மறுநாள் எலும்பைப் பொறுக்கிக் காவிரியில் கரைத்துவிடுகிற ஊரில் எழுந்து வருவதற்கு உடல் மிஞ்சுவதில்லை. ஆவி மட்டும்தான் மிஞ்சுகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. தமிழ்ப் பேய்க்கு ஒரு குறை இருந்தாக வேண்டும். யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும், நிலத்தைப் பிடுங்கியிருக்க வேண்டும், இடைவேளைக்குப் பிறகு அது தன் கதையைச் சொல்லி நம்மை அழ வைக்க வேண்டும். ஜாம்பிக்கு பிளாஷ்பேக் கிடையாது. அதற்குப் பசி மட்டுமே உண்டு. பிளாஷ்பேக் இல்லாதவனை வைத்துக் கதை சொல்ல நம்மவர்களுக்கு இன்னும் கை வரவில்லை.

இந்த வகையில் வரும் படங்களில் முக்கால்வாசி பார்க்கத் தகுதியற்றவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காட்டுக்குள் ஐந்து பேர் நாற்பது நிமிடங்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். நேரத்தை நிரப்புவதைத் தவிர அந்த நடைக்கு வேலை இல்லை. பெண்களை ஓடவும் கத்தவும் மட்டுமே பயன்படுத்துகிற படங்களும் ஏராளம். ஆனால் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறொரு வகையின் மீது. வேண்டுமென்றே மோசமாக எடுத்துவிட்டு, 'பார், எவ்வளவு மோசம்' என்று நம் விலாவில் இடிக்கிற படங்கள். அவற்றில் மாவு காதுக்குப் பின்னால் முடிவதுகூடத் திட்டமிட்டதாக இருக்கும். கொசு கடிக்காமலே தொடையில் அடித்துக்கொண்டு கைத்தட்டலுக்காகத் திரும்பிப் பார்க்கிறவனை எப்படி ரசிப்பது? தையல்காரர் மகன் கடைசிவரை பிணமாக இருக்கத்தான் முயன்றான். அந்த முயற்சி தோற்றதால்தான் அது அவ்வளவு இனித்தது.

சென்ற மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு, தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிற என் அண்ணன் மகன் வந்து, 'சித்தப்பா, நாங்களும் ஒரு ஜாம்பிப் படம் எடுக்கறோம், நீங்கதான் கணக்கு பாக்கணும்' என்றான். கதையைக் கேட்டதும் கடன் வாங்கியாவது எடுக்கலாம் என்று தோன்றியது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு நாள் கணக்கில் காத்திருக்கும் விவசாயிகளுக்கு நடுவே, செத்த விவசாயிகளும் எழுந்து வந்து வரிசையில் நின்றுவிடுகிறார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுத்தர் வந்து ஈரப்பதம் பார்க்கும் கருவியை ஒரு பிணத்தின் மீதே வைத்துப் பார்த்துவிட்டு, 'இருபத்திரண்டு காட்டுது, பதினேழுதான் எடுப்போம், காய வச்சு எடுத்துட்டு வா' என்று திருப்பி அனுப்புகிறார். அது போய் வெயிலில் படுத்துக்கொள்கிறது.

முகத்துக்கு அரிசி மாவில் மஞ்சளும் அடுப்புக்கரியும் குழைத்துப் பூசினார்கள். தோல் தொங்குவதற்குக் காய்ந்த வாழைப்பட்டை. ரத்தத்துக்குப் பீட்ரூட் சாற்றை வெல்லப்பாகில் காய்ச்சினார்கள். வெல்லம் வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பிணத்தின் மீது எறும்புச் சாரி ஏறியது. அதன் முகத்தில் தெரிந்த வேதனையை எந்த ஒப்பனைக்காரராலும் கொண்டுவந்திருக்க முடியாது, அப்படியே படமாக்கிக்கொண்டார்கள். கடைசிக் காட்சியில் செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் ஒன்று வந்து பிணங்களை நெல்லோடு சேர்த்து அறுத்துத் தள்ள வேண்டும் என்று பையன்கள் ஆசைப்பட்டார்கள். மணிக்கு என்ன வாடகை என்று விசாரித்துச் சொன்னேன். பிணங்கள் கருக்கரிவாளைக் கண்டே பயந்து ஓடுவதாகக் கதை மாறியது. மொத்தச் செலவு 2,340 ரூபாய்; அதில் பரோட்டாவுக்கும் தேநீருக்கும் போனது மட்டும் 1,100.

படம் பதினொரு நிமிடம். வரிசையில் நிற்கிற காட்சி நெடுகப் போய்க்கொண்டிருக்கும்போது, மூன்றாவதாக நின்ற பிணத்தின் பையில் கைப்பேசி அடித்துவிட்டது. அவன் யோசிக்காமல் எடுத்து, மெல்லிய குரலில், 'கிளாஸ்ல இருக்கேன்மா, அப்பறம் பேசறேன்' என்று சொல்லி வைத்துவிட்டு, வாயைக் கோணிக்கொண்டு மறுபடியும் செத்துப்போனான். பொழுது சாய்ந்துவிட்டதால் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அண்ணன் மகன் அதை வெட்டிவிடலாம் என்றான். வெட்டினால் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கதிர் அடிக்கும் களத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் படத்தைப் போட்டார்கள். தெருவே வந்திருந்தது. ஈரப்பதக் காட்சியில் ஆண்கள் அடங்காமல் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார்கள். எறும்புக் காட்சிக்குக் குழந்தைகள் குதித்தார்கள். பிறகு மூன்றாவது பிணத்தின் கைப்பேசி அடித்தது. அவன் எடுத்துப் பேசினான்.

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. 'அன்னைக்கு நான் போன் பண்ணப்ப நீ இங்கதான் நின்னியாடா!'

திரையில் அவ்வளவு மெதுவாகக் காலை இழுத்து நடந்தவன், சிரிப்பொலி அடங்குவதற்குள் எழுந்து, களத்து வரப்பைத் தாண்டி, அறுத்த வயலுக்குள் இறங்கி ஓடினான். அவன் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.